கேள்வி கேட்கிறார்களா, மனுப் போடுகிறார்களா?

"மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, எங்கள் தொகுதிக்கு உட்பட்ட ஊராட்சியில் ஆதிதிராவிடர் குடியிருப்புக்குச் சுடுகாட்டுப் பாதை அமைத்துத்தர அரசு முன்வருமா என்பதைத் தங்கள் வாயிலாக அமைச்சர் அவர்களிடம் அறிய விரும்புகிறேன்."

"மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, உறுப்பினரின் கோரிக்கை நியாயமானது. நிதி நிலைமைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும்."

முடிந்தது. அடுத்த வினா.

இதை நான் எந்த ஒரு நாளின் அவைக் குறிப்பிலிருந்தும் எடுக்கவில்லை. எந்த ஆட்சியின் அவைக் குறிப்பை வேண்டுமானாலும் பிரித்துப் பாருங்கள், இதே சாயலில் பக்கம் பக்கமாகக் கிடைக்கும். 'முன்வருமா', 'ஆவன செய்யுமா', 'கனிவுடன் பரிசீலிக்குமா' என்று கேட்பார்கள். 'கருத்துரு ஏதும் இல்லை', 'நிதி நிலைமைக்கு ஏற்ப', 'ஆவன செய்யப்படும்' என்று பதில் வரும். கேட்பவரும் உட்கார்ந்துவிடுவார், சொல்பவரும் உட்கார்ந்துவிடுவார். நம் பிணம் மட்டும் வரப்பு மேல் தடுமாறிக்கொண்டே போகும்.

நான் கேட்பது இதுதான். 'முன்வருமா' என்பது கேள்வியா? கலெக்டர் ஆபீஸ் வாசலில் திங்கட்கிழமை திங்கட்கிழமை நம்ம சனம் மஞ்சப்பையில் மனுவை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறதே, அந்த மனுவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நம்ம ஆளு வெயிலில் நின்று கொடுக்கிறான். இவர் குளிர்சாதன அறையில் மைக் வைத்துக் கொடுக்கிறார். அவ்வளவுதானே!

கேள்வி என்றால் பதில் சொல்ல வேண்டிய கடமை எதிராளிக்கு இருக்கிறது. மனு என்றால் கொடுப்பதும் கொடுக்காததும் அவன் இஷ்டம். சட்டமன்றக் கூட்டத்தின் முதல் மணி நேரத்தைக் கேள்விக்கு என்று ஒதுக்கி வைத்திருப்பது, அமைச்சர் தன் துறைக் கணக்கை அவைக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதால். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் நம்ம எம்.எல்.ஏ.க்கள் கும்பிடு போடும் நேரமாக மாற்றி வைத்திருக்கிறார்கள்.

எங்க ஊர் கதையையே சொல்கிறேன். ஊர்ப் பெயரும் ஆளின் பெயரும் வேண்டாம், எல்லா ஊரிலும் இதே கதைதான். எங்கள் சேரிக்கும் சுடுகாட்டுக்கும் நடுவில் ஊர்க்காரன் நிலம். கார்த்திகை மாசத்தில் ஒரு சாவு விழுந்தால் தொடை அளவு சேற்றில் பாடையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஒன்பது வருசம் மனுக் கொடுத்தோம். பத்தாவது வருசம் எங்கள் தனித்தொகுதி உறுப்பினர் அதைச் சட்டமன்றத்தில் எழுப்பினார். 'நிதி நிலைமைக்கு ஏற்ப' என்று பதில் வந்தது. மறுநாளே பஸ் ஸ்டாண்டில் பிளக்ஸ்: சேரி மக்களுக்காகச் சட்டமன்றத்தில் முழங்கிய அண்ணனுக்கு நன்றி! பாதை வரவில்லை, பிளக்ஸ் வந்துவிட்டது. அதைப் படித்துக் காட்டியபோது எங்கள் தெரு ஆயா ஒருத்தி கேட்டாள்: "இன்னாடா கேட்டான் அவன்? குடுங்க சாமின்னு கேட்டானா, எங்க பங்க எங்கடா வெச்சீங்கன்னு கேட்டானா?"

அந்த ஆயாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் நமக்கென்று ஒரு பங்கு இருக்கிறது, அது எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சட்டமன்ற உறுப்பினருக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் வாய் வரவில்லை.

அந்தப் பங்கு எது என்று மாணவத் தோழர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

1979-80-இல் சிறப்பு உட்கூறுத் திட்டம் என்று ஒன்று நாடு முழுவதற்கும் வந்தது. பின்னால் அதற்கு ஆதிதிராவிடர் துணைத் திட்டம் என்று பெயர் மாற்றினார்கள். பழங்குடி மக்களுக்கான துணைத் திட்டம் இதற்கும் முன்பே, ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்திலேயே வந்துவிட்டது. விதி எளிமையானது. மாநிலத்தின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் எத்தனை விழுக்காடோ, அத்தனை விழுக்காட்டை வளர்ச்சித் திட்ட நிதியிலிருந்து அவர்களுக்கென்றே தனியாக ஒதுக்க வேண்டும். அதை வேறு காரியத்துக்குத் திருப்பக் கூடாது, செலவழிக்காமல் காலாவதியாக விடவும் கூடாது என்று திட்டக்குழுவின் வழிகாட்டுதலே சொன்னது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நம் மக்கள் ஏறக்குறைய 1 கோடியே 44 லட்சம் பேர், நூற்றுக்கு 20 பேர். அப்படியானால் வளர்ச்சிக்கென்று அரசு எடுத்து வைக்கும் ஒவ்வொரு ஐந்து ரூபாயிலும் ஒரு ரூபாய் நம்முடையது. எவனும் தன் அப்பன் வீட்டுச் சொத்திலிருந்து எடுத்துத் தரும் தருமம் இல்லை.

இந்தப் பணத்துக்கு பட்ஜெட் புத்தகத்தில் ஓர் எண் இருக்கிறது: 789. எந்தத் துறையின் கணக்காக இருந்தாலும் சரி, சாலை, மின்சாரம், பள்ளிக்கூடம், குடிநீர் எதுவானாலும், சிறு தலைப்பு 789 என்று போட்டிருந்தால் அது பட்டியல் சாதியினருக்கென்று காட்டப்பட்ட தொகை. 796 என்றால் பழங்குடியினருக்கு. ஒன்றிய அரசின் பட்ஜெட்டில் 10ஏ, 10பி என்ற இரண்டு அறிக்கைகளில் இதே கணக்கு வரும். இந்த எண்களை எழுதி உங்கள் படிப்பு வட்டத்துச் சுவரில் ஒட்டி வையுங்கள். நம்மிடம் கட்டுக்கட்டாகத் துண்டறிக்கை இருக்கிறது, ஆவேசமான பாட்டு இருக்கிறது, இந்த மூன்றிலக்க எண் மட்டும் பல பேருக்குத் தெரியாமல் இருக்கிறது.

ஏன் தெரிந்திருக்க வேண்டும்? திருட்டு நடப்பது அந்தத் தலைப்புக்குக் கீழேதான். பொதுத் திட்டம் ஒன்றைப் போடுவார்கள். அதில் பயன்பெறுகிறவர்களில் தலித்துகளும் இருப்பார்கள் அல்லவா என்று சொல்லி, மொத்தச் செலவில் ஒரு பங்கை 789-இல் எழுதிவிடுவார்கள். கணக்கு சரியாகிவிடும். விழுக்காடு நிரம்பிவிடும். சேரிக்கென்று தனியாக ஒரு செங்கல் கூட வந்திருக்காது. மேம்பாலத்தின் மேலே தலித்தும்தானே போகிறான் என்கிற நியாயம் இது. ஊர்ச் சோற்றில் உன் பங்கையும் சேர்த்துப் பொங்கிவிட்டு, வாசனை உனக்கும் வந்ததே என்று சொல்வதைப் போல.

டெல்லியில் நடந்ததைப் பாருங்கள். 2010-இல் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடத்தினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளிலிருந்தே டெல்லி அரசு இந்த உட்கூறு நிதியில் 744 கோடி ரூபாயை விளையாட்டுச் செலவுக்குத் திருப்பியிருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பெற்ற ஆவணங்களை வைத்து வெளியே கொண்டுவந்தார்கள். நாடாளுமன்றத்தில் அது வெடித்தது. அன்றைய உள்துறை அமைச்சர் ப.சிதம்பரம் மாநிலங்களவையில், திருப்பியது தவறு என்றே தெரிகிறது என ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. அங்கே யாரும் 'பரிசீலிக்க முன்வருமா' என்று கேட்கவில்லை. இத்தனை கோடி, இந்தத் தலைப்பிலிருந்து, இந்தக் காரியத்துக்குப் போயிருக்கிறது, பதில் சொல் என்று காகிதத்தைக் காட்டிக் கேட்டார்கள். காகிதம் கையில் இருந்தால் அமைச்சரின் நாக்கு எப்படிப் புரளுகிறது பாருங்கள்!

கர்நாடகம் இன்னொரு பாடம். இந்த நிதியைக் காப்பாற்ற 2013-இல் அங்கே சட்டமே வந்தது. ஆனால் அந்தச் சட்டத்துக்குள்ளேயே 7(ஈ) என்று ஒரு பொந்து வைத்தார்கள். பொதுத் திட்டச் செலவில் ஒரு பங்கையும் இந்தக் கணக்கில் செலவானதாகக் கருதலாம் என்றது அந்தப் பிரிவு. போராடிப் போராடி 2023-இல் அதை நீக்க வைத்தார்கள். அதே 2023-24-இல், தேர்தல் வாக்குறுதித் திட்டங்களுக்கென்று இந்த நிதியிலிருந்து 11,000 கோடி ரூபாய்க்கு மேல் எடுத்துக்கொண்டது அரசு. பயனாளிகளில் தலித்துகளும் இருக்கிறார்கள் என்பது அதற்குச் சமாதானம். தமிழ்நாட்டிலும் பல ஆண்டுக் கோரிக்கைக்குப் பிறகு 2024-இல் இதற்கான சட்டம் நிறைவேறியது. நல்லது, வரவேற்போம். ஆனால் சட்டம் வந்ததும் கைகழுவிவிட்டு உட்கார்ந்தால் கர்நாடகக் கதைதான் நமக்கும். சட்டத்தைக் காவல் காக்க ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் எழுந்து நின்று கணக்குக் கேட்கிற ஆள் வேண்டும்.

அந்த ஆள் யாரிடம் கேட்பது? இங்கேதான் இன்னொரு சூழ்ச்சி. சேரி என்ற சொல் கேள்வியில் வந்தாலே அதைத் தூக்கி ஆதிதிராவிடர் நலத்துறை அமைச்சர் தலையில் போட்டுவிடுவார்கள். அந்த நாற்காலியில் பெரும்பாலும் நம்மில் ஒருவரைத்தான் உட்கார வைத்திருப்பார்கள். நெடுஞ்சாலையும் நகராட்சியும் மின்சாரமும் நிதியும் அவர்களுக்கு. விடுதிக் கக்கூஸுக்குக் கதவு போட முடியாமல் விழிக்கிற துறை நமக்கு. நம்ம உறுப்பினர் கேட்பார், நம்ம அமைச்சர் பதில் சொல்வார். கேட்டவனும் நம்மாளு, கைவிரித்தவனும் நம்மாளு. மற்ற அமைச்சர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

நன்றாகக் கவனியுங்கள். உட்கூறு நிதி அந்த ஒரு துறைக்குள் அடங்குவதல்ல. ஊரக வளர்ச்சி, பள்ளிக் கல்வி, மக்கள் நல்வாழ்வு, நெடுஞ்சாலை, எரிசக்தி என்று பல துறைகளின் மானியக் கோரிக்கைகளுக்குள் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. சுடுகாட்டுப் பாதையைப் பற்றி ஊரக வளர்ச்சி அமைச்சரிடம் கேட்க வேண்டும். சேரிக்குள் ரோடு ஏன் பாதியில் நின்றது என்று நெடுஞ்சாலைத் துறையைக் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து நிதி அமைச்சரிடம் கேட்க வேண்டும். நலத்துறை அமைச்சரை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது, திருடனை விட்டுவிட்டு வீட்டு வாட்ச்மேனை அடிக்கிற வேலை.

இப்படியெல்லாம் கேட்க முடியுமா, நடக்கிற காரியமா என்று சிலர் சிரிக்கக் கூடும். கேட்டிருக்கிறார்கள், ஐயா. நூறு வருசத்துக்கு முன்னால், ஓட்டுப் பலமே இல்லாமல் கேட்டிருக்கிறார்கள்.

1922-இல் சென்னை மாகாணச் சட்டசபையில் எம்.சி.ராஜா கொண்டுவந்த தீர்மானத்தின் பேரில்தான் அரசுப் பதிவுகளில் இழிபெயர்கள் போய் ஆதிதிராவிடர் என்ற பெயர் ஏறியது. 1924 ஆகஸ்டில் இரட்டைமலை சீனிவாசன் அதே சபையில் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் எல்லாம் எந்த வகுப்பாருக்கும் உரியவை, எவனும் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அந்தச் செப்டம்பர் 25-ஆம் தேதி அரசாணையும் வந்தது. ராஜாவும் சீனிவாசனும் கவர்னர் நியமித்த உறுப்பினர்கள். பின்னால் ஓட்டு வங்கி கிடையாது. வெள்ளைக்காரன் நியமித்த ஆள்தானே என்று இன்றைக்கும் ஏளனம் பேசுகிறவன் இருக்கிறான். பேசட்டும். நியமன உறுப்பினர் தெருவையும் கிணற்றையும் உரிமை என்று சொல்லி வாங்கினார். தேர்ந்தெடுக்கப்பட்டவர் அதே தெருவுக்குச் சிமெண்டு போட முன்வருமா என்று கெஞ்சுகிறார். யாருக்கு வெட்கக்கேடு?

பம்பாய் சபையின் கதை இதைவிட நமக்கு நெருக்கமானது. 1923-இல் எஸ்.கே.போலே பொதுக் குளங்களையும் கிணறுகளையும் தீண்டப்படாதவர்களுக்குத் திறந்துவிடும் தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். உள்ளாட்சிகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் சும்மா இருக்கவில்லை. 1926-இல் மீண்டும் வந்தார். இந்தத் தீர்மானத்தைச் செயல்படுத்தாத நகராட்சிகளுக்கும் உள்ளாட்சிக் கழகங்களுக்கும் அரசு மானியத்தை நிறுத்த வேண்டும் என்றார். பணத்தில் கை வைத்தால்தான் சாதிக்கு வலிக்கும் என்று அந்த மனுசனுக்குத் தெரிந்திருந்தது. தீர்மானத்தை ஏற்றுக்கொண்ட மகாடு நகராட்சியிலும் குளத்தில் இறங்க நம் ஆட்களுக்குத் துணிச்சல் வரவிடாமல் வைத்திருந்தார்கள். 1927 மார்ச் 20-ஆம் நாள் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். சபைக்குள் தீர்மானம், கஜானாவில் பிடி, வெளியே கால்நடையாய்ப் போன கூட்டம். மூன்றும் சேர்ந்துதான் அன்றைக்கு வேலை செய்தது. இன்றைக்கு நம்மிடம் கூட்டம் இருக்கிறது. சபைக்குள்ளே பிடிதான் இல்லை.

ஏன் இல்லை? 234 பேர் உள்ள தமிழ்நாடு சட்டமன்றத்தில் 44 இடங்கள் பட்டியல் சாதியினருக்கும் 2 இடங்கள் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. 46 பேர் ஒரே நாளில் ஒரே கேள்வியைக் கொடுத்தால் எந்தச் சபாநாயகரால் புறந்தள்ள முடியும்? கொடுக்க மாட்டார்கள். இதற்கான வேர் 1932 செப்டம்பர் 24-இல் எரவாடா சிறையில் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் இருக்கிறது. இரட்டை வாக்குரிமையையும் தனி வாக்காளர் தொகுதியையும் காந்தியின் உண்ணாவிரதத்தைக் காட்டிப் பிடுங்கிக்கொண்டு, மாகாண சபைகளில் 148 இடங்களைக் கொடுத்தார்கள். இடம் கூடியது, குரல் போயிற்று. தனித்தொகுதியில் நிற்பவன் தலித், அவனைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டில் பெரும்பகுதி ஊர்த்தெரு ஓட்டு, சீட்டுக் கொடுப்பது கட்சித் தலைமை. அவன் எப்படி ஊர்க்காரனின் நிலத்து நடுவில் பாதை கேட்பான்? பாலம் கேட்பான், தாலுகா ஆபீஸ் கேட்பான், பஸ் ஸ்டாண்ட் கேட்பான். எல்லாரும் கைதட்டுகிற எதையும் கேட்பான்.

இதைச் சொன்னால், "கட்சிக் கொறடா இருக்கிறாரே, நாங்க என்ன பண்ண முடியும்?" என்பார்கள். பொய். 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம், கொறடா ஆணைக்கு எதிராக ஓட்டுப் போட்டால், ஓட்டுப் போடாமல் போனால் பதவியைப் பறிக்கும். கேள்வி கேட்டதற்காக அந்தச் சட்டத்தில் யாருடைய பதவியையும் பறிக்க முடியாது. சபைக்குள் உறுப்பினர் தன் பெயரில், தன் கையெழுத்தில் செய்யக்கூடிய காரியம் கேள்வி கொடுப்பது. அதிகம் போனால் அடுத்த தேர்தலில் சீட்டுக் கிடைக்காது. அந்தப் பயத்துக்குக் கொறடா என்று பெயர் வைத்துக்கொண்டு நம்மிடம் வரக்கூடாது.

கேட்கிறவர்களும் எப்படிக் கேட்கிறோம் என்று பார்த்துக் கேட்க வேண்டும். அமைச்சர்களுக்குப் பின்னால் அதிகாரிகள் இருக்கிறார்கள். சொல்லை வைத்தே பிணத்தை மறைக்கத் தெரிந்தவர்கள். 2021 பிப்ரவரியில் ஒன்றிய சமூக நீதித் துறை இணை அமைச்சர் ராம்தாஸ் அதாவலே மக்களவையில் ஒரு பதில் கொடுத்தார். 2020 டிசம்பர் வரையிலான ஐந்து ஆண்டுகளில் பாதாளச் சாக்கடையும் மலக்குழியும் சுத்தம் செய்யும்போது 340 பேர் செத்தார்கள், அதில் தமிழ்நாட்டில் 43 பேர் என்றது அது. அதே ஆண்டு ஜூலையில் அதே அமைச்சர் மாநிலங்களவையில், கையால் மலம் அள்ளியதால் இறப்பு எதுவும் பதிவாகவில்லை என்றார். ஐந்து மாதத்தில் 340 பேரும் உயிர்த்தெழுந்துவிட்டார்களா? 2013 சட்டத்தில் கையால் மலம் அள்ளுவது ஒரு வரையறை, சாக்கடைக்குள் இறங்குவது இன்னொரு வரையறை. கேள்வியில் ஒரு சொல் மாறினால் செத்தவன் கணக்கிலிருந்தே போய்விடுகிறான். செத்தவர்கள் யார் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. இங்கே அவர்களில் பெரும்பாலோர் அருந்ததியர்கள்.

இதில் உள்ளாட்சியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குழாயும் தெருவிளக்கும் சுடுகாடும் கடைசியில் ஊராட்சித் தலைவர் கையெழுத்தில்தான் நகர்கிறது. அந்தக் கையெழுத்துக்காகத்தான் மேலவளவில் 1997 ஜூன் 30-இல் தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் வெட்டினார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளில் தலித் ஒருவர் அந்த நாற்காலியில் உட்காரவே கூடாது என்று 1996 முதல் 2006 வரை பத்து வருசம் தேர்தலையே கேலிக்கூத்தாக்கினார்கள். அதுவும் போதாதென்று அரசே தேர்தல் நடத்தாமல் இழுத்தடிக்கிறது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை என்று சொல்லி ஒன்றிய அரசு நிதிக்குழு மானியத்தை நிறுத்தி வைத்தது. 27 மாவட்டங்களில் அப்படித் தேர்ந்தெடுத்தவர்களின் காலமும் 2025 சனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். தலைவர் இல்லாத ஊராட்சியில் சேரிக்காரன் யாரைப் போய்ப் பிடிப்பான்? பி.டி.ஓ. ஆபீஸ் பெஞ்சில் காத்துக் கிடப்பான். இதை எத்தனை தனித்தொகுதி உறுப்பினர்கள் விடாமல் எழுப்பினார்கள் என்று அவரவர் தொகுதியில் கேட்டுப் பாருங்கள்.

நம் பக்கத்திலிருந்தே ஒரு குரல் வரும், எனக்குத் தெரியும். "சட்டமன்றம் பன்றித் தொழுவம், அதில் போய்க் கேள்வி கேட்டு என்ன ஆகப்போகிறது, தெருவில் இறங்கிப் போராடுவதுதான் வழி" என்பார்கள் சில தோழர்கள். தெருவில் இறங்க வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் தோழர், அந்தத் தொழுவத்தில்தான் வருசா வருசம் நம்ம பங்குப் பணத்தைக் கணக்கெழுதிப் பங்கு போடுகிறார்கள். நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கி நிற்கிற வரைக்கும் உள்ளே இருப்பவனுக்குத்தான் வசதி. டெல்லிக் கணக்கை வெளியே கொண்டுவந்தவர்கள் தெருவில் இருந்தவர்கள். அதை அமைச்சர் வாயிலிருந்து ஒப்புக்கொள்ள வைத்த இடம் சபை. இரண்டையும் இணைக்கிற வேலையைத்தான் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

அடுத்த கூட்டத்தொடருக்கு முன்னால் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் தொகுதி தனித்தொகுதியோ பொதுத்தொகுதியோ, உறுப்பினரிடம் மாலையோடு போகாதீர்கள், மனுவோடும் போகாதீர்கள். எழுதித் தயாராக வைத்த கேள்வியோடு போங்கள். அது இப்படி இருக்கட்டும்:

(அ) ஊரக வளர்ச்சித் துறையின் மானியக் கோரிக்கையில் சிறு தலைப்பு 789-இன் கீழ் சென்ற நிதியாண்டில் ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவிட்ட தொகை எவ்வளவு, செலவாகாமல் திரும்ப ஒப்படைத்தது எவ்வளவு?

(ஆ) செலவிட்ட தொகையில் இந்தத் தொகுதியில் எந்தெந்த ஊராட்சியில், எந்தக் குடியிருப்பில், என்ன வேலை நடந்தது?

(இ) அதில் பட்டியல் சாதியினருக்கென்றே நடந்த வேலை எது, பொதுத் திட்டத்தில் பங்கு என்று கணக்கில் மட்டும் எழுதியது எது?

(ஈ) திரும்ப ஒப்படைத்த தொகை அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டோடு சேர்க்கப்பட்டதா? இல்லையென்றால் எந்த அதிகாரியின் ஆணைப்படி?

இந்த நான்கில் 'முன்வருமா' எங்கேயும் கிடையாது. நிதி நிலைமைக்கு ஏற்ப என்று இதற்குப் பதில் சொல்லவும் முடியாது. நடந்து முடிந்த கணக்கைக் கேட்கிறோம். எண்ணைச் சொல்ல வேண்டும், அல்லது சொல்ல மாட்டேன் என்று சொல்ல வேண்டும்.

இதே கேள்வியை ஒவ்வொரு துறைப் பெயரையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். உறுப்பினர் வாங்கிக்கொண்டு பையில் வைத்துவிட்டால், கொடுத்த தேதியைக் குறித்து வைத்துக் கிராமசபையில் கேளுங்கள். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் இருக்கிறது. அதே கேள்வியைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் நீங்களே துறைக்கு அனுப்புங்கள். இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமைச்சர் அவையில் 'ஆவன செய்யப்படும்' என்று சொல்லிவிட்டால் தேதியோடு எழுதி வையுங்கள். அவையில் தந்த உறுதிகளை விசாரிக்கவே அரசு உறுதிமொழிக் குழு என்று சட்டமன்றத்தில் ஒரு குழு இருக்கிறது. அதற்கும் எழுதுங்கள். மானியக் கோரிக்கை வரும்போது வெட்டுத் தீர்மானம் கொடுக்கச் சொல்லுங்கள். 100 ரூபாய் குறைக்கச் சொல்லிக் கொடுக்கிற வெட்டுத் தீர்மானத்தில் ஒரு துறையின் துரோகம் முழுவதையும் பேச இடமிருக்கிறது. 2022 சனவரி முதல் கேள்வி நேரத்தை நேரலையில் காட்டத் தொடங்கினார்கள். எழுந்தவர் யார், வாய் மூடி உட்கார்ந்தவர் யார் என்று இனி செய்தித்தாள்காரன் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

ஓட்டுக் கேட்டு வரும்போது எங்கள் தெருவில் நிற்கிற வேட்பாளரிடம் நாங்கள் இனி ரோடு போடுவீர்களா, லைட் போடுவீர்களா என்று கேட்கப் போவதில்லை. ஐந்து வருசத்தில் எத்தனை தடவை எங்கள் பங்குக் கணக்கைக் கேட்டீர்கள், எந்த அமைச்சரிடம், என்ன பதில் வந்தது, அவைக் குறிப்பின் பக்கத்தைக் காட்டுங்கள் என்று கேட்கப் போகிறோம். காட்ட முடியாதவருக்கு எங்கள் சேரியில் ஓட்டு இல்லை. உங்கள் ஊரிலும் இதைக் கூட்டம் போட்டு முடிவு செய்யுங்கள்.